பொரளையில் செய்வித்த கற்சிலுவை

கொழும்பில் பொரளை மயானத்துப் பக்கம் கல்லறைக்கல் கடைகளில் எனக்குக் காட்டியதெல்லாம் பளபளக்கும் கறுப்புக் கிரனைட் பலகைகள்தான். எனக்கு வேண்டியது வேறு. கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய பட்டறையில் கிடைத்தது.

அக்காவைப் பார்க்க இங்கிலாந்து போனபோது, சிரன்செஸ்டருக்குப் பக்கத்தில் ஆம்ப்னி குரூசிஸ் என்ற ஊரின் கிறிஸ்தவக் கோயில் முற்றத்தில் 15ஆம் நூற்றாண்டுச் சிலுவை ஒன்றைப் பார்த்தேன். படிகள், குழி வெட்டிய அடிக்கல், அதில் நட்ட தண்டு, உச்சியில் சுரூபங்கள் செதுக்கிய தலை. 1643இல் பாராளுமன்றம் சிலுவைகளை அகற்றக் கட்டளையிட்ட நாடு அது. தலை போய் மொட்டைத் தண்டாக நிற்பவைதான் அங்கே அதிகம். இந்தத் தலை கோயில் சுவருக்குள் அடைபட்டுக் கிடந்து 1854இல் கிடைத்ததாம். அந்தக் காலத்து ஏழைகளுக்குத் தனிக்கல் ஏது? முற்றத்துச் சிலுவை ஒன்றுதான் எல்லாருக்கும் நினைவுக்கல். எங்கள் அப்பம்மாவுக்கும், சின்ன வயதிலேயே போன சித்தப்பாவுக்கும் கல் வைக்கவே இல்லை. அதனால்தான் அந்த வடிவம் மனதை விட்டுப் போகவில்லை.

போட்டோவைக் காட்டியதும் பட்டறைக் கல்தச்சர், பாஸ், தண்டைத்தான் பார்த்தார். அடியில் சதுரம், மேலே எட்டுப்பட்டை. “கோயில் தூண் மாதிரித்தானே?” என்றார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். சீமெந்து ஒட்டு வேண்டாம் என்றேன். தண்டின் அடியில் முளை விட்டு, அடிக்கல்லில் குழி எடுத்து, ஈயம் உருக்கி ஊற்றிப் பூட்டினார். கருங்கல், மூன்றரை அடி. பொளித்த உளித்தடம் அப்படியே தெரிகிறது. மெருகு போடாமல் விட்டது மிகச் சரி.

ஒரு குறை, பலகையில் வெட்டிய எழுத்து. ‘இங்கே துயில்வோர்’ என்பதில் ‘ல்’ விடுபட்டுவிட்டது. எழுத்து வெட்டும் பையனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பாஸ் வாதாடாமல், காசு கேட்காமல் வேறு பலகை வெட்டித் தந்தார், ஆனால் ஒன்பது நாள் போய்விட்டது. நீங்கள் போனால் வாசகத்தை அதே அளவில் அச்சடித்துக் கொடுங்கள். உளி வைக்கும் அன்று பக்கத்தில் நில்லுங்கள்.

எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபா. மலிவில்லை, வேலைக்குத் தகும்.

நவம்பர் 2, மரித்த ஆத்துமாக்களின் நினைவு நாளுக்கு முதல் நாள் மாலைதான் நட்டார்கள். அம்மா தண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “மாமிக்கும் தம்பிக்கும் சேர்த்து மெழுகுதிரி கொளுத்து” என்றார்.