சிறிய இன்வெர்டர் வெல்டிங் மெஷினா, பழைய டிரான்ஸ்பார்மரா?

காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், இரண்டாம் கட்டு முற்றத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பிகள் துருப்பிடித்துச் சில இடங்களில் இணைப்பு விட்டுப்போயிருந்தன. நாமே பற்றவைக்கப் பழகிக்கொள்ளலாம் என்று எட்டு மாதங்களுக்கு முன் ஆறாயிரம் ரூபாய்க்குள் மின்னணுச் சுற்றால் இயங்கும் ஒரு சிறிய இன்வெர்டர் வெல்டிங் மெஷின் வாங்கினேன். அதே வாரத்தில், பட்டறை வைத்திருக்கும் என் மாமா தம்முடைய பழைய செம்புச்சுருள் டிரான்ஸ்பார்மர் மெஷினையும் கொடுத்து, "இதையும் ஓட்டிப் பாருங்க, மாப்பிள்ளை" என்றார். இரண்டிலும் வேலை செய்து பார்த்தபின் என் மனம் இன்வெர்டர் பக்கமே நிற்கிறது.

எடையைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறலாம்; மற்றொன்றை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். உண்மையில் என் முடிவைத் தீர்மானித்தது மின்சாரம்தான்.

2.5 மி.மீ. தடிமனுள்ள 6013 வகை வெல்டிங் ராடுக்கு 80 ஆம்பியர் வைத்தால், எரியும் முனையில் ஏறத்தாழ 23 வோல்ட் இருக்கும். அதாவது வேலைக்குத் தேவைப்படுவது இரண்டு கிலோவாட்டுக்கும் குறைவு. ஆனால் டிரான்ஸ்பார்மர் மெஷின், ராடை உரசுவதற்கு முன் முனையில் நிற்கும் 50, 60 வோல்ட்டின் கணக்கிலேயே லைனிலிருந்து இழுப்பதால், 230 வோல்ட் இணைப்பில் 17 முதல் 21 ஆம்பியர் வரை போகிறது. இன்வெர்டர் இதே வேலைக்குச் சுமார் 14 ஆம்பியரோடு நின்றுவிடுவதால், வீட்டின் 16 ஆம்பியர் பிளக்கே அதற்குப் போதும்.

இந்த வேறுபாடு எங்கள் பகுதியின் நீண்ட வீடுகளில் இன்னும் பெரிதாகிறது. மீட்டர் முகப்பில் இருக்கும். வேலையோ முதல் முற்றமான வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டையும் தாண்டிக் கொல்லையில் இருக்கும். 50 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 14 ஆம்பியர் போனால் பத்து வோல்ட் குறையும். 20 ஆம்பியர் போனால் பதினைந்து வோல்ட் குறையும். மாலையில் லைனே 210 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் டிரான்ஸ்பார்மருக்குக் கிடைப்பது 195தான். உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் அதே விகிதத்தில் குறையும். அப்படிப்பட்ட ஒரு மாலையில் ராடு கம்பியோடு ஒட்டிக்கொண்டு, நான் ராடைப் பிடித்திருக்கும் ஹோல்டரை இழுத்து விடுவிப்பதற்குள் பழுத்துச் சிவந்து, மேல்பூச்சு பொரிந்து உதிர்ந்தது. முகப்பு விளக்குகளும் மங்கின. இன்வெர்டர், வைத்த ஆம்பியரைத் தன் மின்னணுச் சுற்றால் பிடித்து வைத்துக்கொள்வதால், அதே ஒயரில், அதே நேரத்தில், ஒரே அகலத்தில் இணைப்பு விழுந்தது. சுத்தியலால் தட்டியதும், இணைப்பின் மேல் படிந்த ஸ்லாக் என்னும் கசடு ஒரே பட்டையாகக் கழன்றது. எந்த மெஷினானாலும் நீள ஒயரைச் சுருளாக வைத்து ஓட்டக் கூடாது. முழுவதும் பிரித்துப் போடாவிட்டால் சூடேறி உறை உருகிவிடும்.

பராமரிப்பில் டிரான்ஸ்பார்மருக்கே முதலிடம் தருவேன். அதில் பழுதாகப் பெரிதாக ஒன்றுமில்லை. சுருள் எரிந்தாலும் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் திரும்பச் சுற்றிவிடலாம். ஓடாமலே போனாலும் செம்பு எடைக்கு விலைபோகும். இன்வெர்டரின் விசிறி, கிரைண்டர் கிளப்பும் இரும்புத் தூளை உள்ளே இழுத்து மின்சுற்றுப் பலகையில் படியவைக்கிறது. ஆகையால் மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு ஊதித் துடைக்கிறேன். எட்டு மாத அனுபவத்தை வைத்து அதன் ஆயுளைப் பற்றி உறுதி கூற எனக்கு உரிமையில்லை. 3.15 மி.மீ. ராடில் விடாமல் கேட் அடிப்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நான்கைந்து ராடுக்குப் பின், மெஷின் சூடேறியதைக் காட்டும் விளக்கு எரிந்து, ஆறும் வரை காத்திருக்க நேர்கிறது. வீட்டில் உள்ள பழைய வார்ப்பிரும்புத் தூண்களை இரண்டு மெஷினாலும் நான் தொடவில்லை. அவற்றுக்கு நிக்கல் ராடும், பக்குவமாகச் சூடேற்றி மெதுவாக ஆறவிடும் கையும் வேண்டும்.

மீட்டருக்குப் பக்கத்திலேயே பட்டறை போட முடிந்து, வோல்டேஜும் நிலையாக இருந்தால், கிடைக்கும் பழைய டிரான்ஸ்பார்மரைத் தயங்காமல் வாங்கலாம். இன்வெர்டர் வாங்குபவர்கள், அதனுடன் வரும் குட்டையான ஹோல்டர் கேபிளுக்குப் பதிலாக ஐந்து மீட்டர் செம்பு கேபிளை அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள். ஏணியில் நின்றபடி மெஷினையும் ஒரு கையில் தாங்கிக்கொண்டு பற்றவைக்க முடியாது.