நிறுத்துவதா, ஓடவிடுவதா? அஜிலிட்டி ஓட்டத்தில் நொடிகள் கரையும் இடங்கள்

அஜிலிட்டி என்பது கையாள்பவர் கூடவே ஓடி வழிகாட்ட, நாய் தடைகளை வரிசையாகக் கடக்கும் நேரப் போட்டி. நாய் பாய்ந்து ஓடுகிறது, ஆனாலும் நேரம் குறையவில்லை என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது டாக் வாக் என்ற உயரமான நடைபலகையில்தான். ஏற ஒன்று, நடுவில் ஒன்று, இறங்க ஒன்று என மூன்று பலகைகள், ஒவ்வொன்றும் 3.6 முதல் 3.8 மீட்டர் நீளம். இறங்கும் பலகையின் கடைசி 90 சென்டிமீட்டர் வேறு வண்ணத்தில் இருக்கும்; அதில் ஒரு பாதமாவது பட வேண்டும், இல்லாவிட்டால் 5 பிழைப் புள்ளிகள். அதைத் தொடவைக்க இரண்டு வழிகள் உண்டு. பின்னங்கால்கள் பலகையிலும் முன்னங்கால்கள் தரையிலுமாக நாயை நிற்கவைப்பது ஒன்று. நிற்காமல் ஓட்டத்திலேயே மிதித்துப் போகப் பழக்குவது மற்றொன்று.

இரண்டாவது வழிக்கு ரன்னிங் கான்டாக்ட் என்று பெயர். ஸ்லோவேனியாவின் சில்வியா ட்ர்க்மன் பரவலாக அறியச் செய்த முறையில், தரையில் கிடக்கும் பலகையின் மேல் நாயை முழு வேகத்தில் ஓடவிட்டு, பலகையைச் சிறிது சிறிதாக உயர்த்துவார்கள். நாய் கற்பது ஓர் இடத்தை அல்ல, ஒரு நடையை. அது கைகூடிய நாயைப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து. ஒவ்வொரு டாக் வாக்கிலும் ஏறக்குறைய ஒரு நொடி மிச்சமாகும்.

அந்த ஒரு நொடிக்குக் கொடுக்கும் விலையைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நிற்கும் நாய் சரியாக நிற்கிறதா என்று எவருக்கும் தெரியும். ஓடும் நாயின் கடைசி அடி எங்கே விழுந்தது என்பதை வெறும் கண்ணால் உறுதி செய்வது கடினம். ஒவ்வொரு பயிற்சியையும் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். தரை மாறினால், நாய் களைத்தால், பலகை சற்று அதிகமாக அசைந்தால் அடியளவு மாறிவிடுகிறது. பலகைக்கு அப்பால் கூர்மையான திருப்பம் இருந்தால் தொல்லை இரட்டிப்பு. திரும்புவதற்கான சொல்லை இறங்கு பலகைக்கு வருமுன்பே நாய் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அடியைச் சுருக்கும், சுருக்கினால் வண்ணப் பகுதியைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே நேராக ஓடுவதற்கு ஒரு பயிற்சி, திரும்பி ஓடுவதற்கு இன்னொரு பயிற்சி. உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்தும் எஃப்சிஐ என்ற சர்வதேச நாய்வளர்ப்புக் கூட்டமைப்பின் விதிகளில் முதலில் பார்க்கப்படுவது பிழைகளின் கூட்டுத்தொகை, பிறகுதான் நேரம். ஒரு நொடியை மிச்சப்படுத்தி 5 புள்ளிகளைப் பறிகொடுத்தவர் பிழையில்லாமல் ஓடிய மெதுவான நாய்க்குப் பின்னால்தான் நிற்பார்.

நிறுத்தும் முறைக்கும் ஒரு நோய் உண்டு. நேரம் போவது நிற்பதில் அல்ல, நிற்கப் போகிறோம் என்ற எண்ணத்தில் பலகையின் பாதியிலிருந்தே நாய் ஊர்ந்து வருவதில். பயிற்சியின்போது ‘இறங்கலாம்’ என்ற சொல்லுக்காகக் காக்கவைத்துவிட்டு, போட்டியன்று அவசரத்தில் சொல்லாமலே ஓடிவிடும் கையாள்பவர்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். எப்போது நிற்க வேண்டும் என்று தெரியாத நாய் தயங்குகிறது. முடிவிடத்தை நோக்கிப் பாய்ந்து வந்து நிற்பதற்கு மட்டுமே பரிசு கொடுத்து, போட்டியிலும் அதே சொல்லுக்காகக் காத்திருங்கள். அரை நொடி அங்கேயே திரும்பக் கிடைக்கும். நாய் நிற்கும் நேரத்தில் நீங்கள் அடுத்த தடைக்கு முன்னால் போய்விடலாம் என்பதும் சின்ன லாபமல்ல.

இரு பலகைகள் கூரைபோல் சாய்ந்து நிற்கும் ஏ-பிரேமில் மட்டும் என் தீர்ப்பு மாறுகிறது. 1.70 மீட்டர் உச்சியிலிருந்து செங்குத்தாக இறங்கும் நாய் சட்டென்று நின்றால் பாரம் முழுவதும் தோள்களில் விழுகிறது. அங்கே ஓடவிடுங்கள், டாக் வாக்கில் நிறுத்துங்கள். இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. ஏறி இறங்கும் சாய்பலகையான சீசாவில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. பலகை தரையைத் தொடுமுன் நாய் குதித்தால் பிழை.

ஒரு களத்தில் இந்த இரு முறைகளால் வேறுபடும் நேரம் ஓரிரு நொடிதான். ஜம்பிங் என்ற போட்டிச் சுற்றில் இந்தப் பலகைத் தடைகளே கிடையாது. திருப்பங்களோ எல்லாச் சுற்றிலும் உண்டு. நொடிக்கு 6 மீட்டர் ஓடும் நாய்க்கு அரை நொடி தாமதமாகச் சைகை கொடுத்தால், அது செய்தியறியும்போது 3 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். போன தூரத்தைத் திரும்பி வந்தும் கடக்க வேண்டும். இருபது தடைகளில் எட்டுத் திருப்பங்கள் இருந்தால், டாக் வாக்கில் வருடக்கணக்காக உழைத்துப் பெற்றதை இரண்டே திருப்பங்களில் இழந்துவிடலாம். என் கவலை முழுவதும் இங்கேதான்.

திருப்பத்தில் கையாள்பவர் நாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற மூன்று வழிகள். ஃப்ரண்ட் கிராஸில் கையாள்பவர் நாயைப் பார்த்தபடி அதன் முன்னால் சுழல்கிறார். நாய்க்கு இதைவிடத் தெளிவான சைகை கிடையாது, திருப்பமும் இறுக்கமாக வரும்; ஆனால் சுழலும்போது நம் கால்கள் தடைபடும். பிளைண்ட் கிராஸில் நாய்க்கு முதுகைக் காட்டியே பக்கம் மாறிவிடுகிறோம். ஓட்டம் குறைவதில்லை, நாயும் நம்மைத் துரத்தி இன்னும் வேகமெடுக்கிறது. தலையைத் திருப்பி மறுபக்கக் கையைக் காட்டத் தாமதித்தால், நாய் பழைய பக்கத்திலேயே வந்து முதுகில் மோதும். ரியர் கிராஸ் நாயின் பின்னால் கடப்பது. முந்த முடியாதவர்களுக்கு இது மட்டுமே வழி, நாய் நம்மைவிட்டு முன்னே ஓடக் கற்றிருந்தால் அழகாகவும் வரும். ஆனால் திருப்பத்தை நாய் அறிவது கடைசி நேரத்தில். திரும்பிப் பார்க்கும், கம்பை இடிக்கும். நாம் அவசரப்பட்டுக் கடந்தால் தடையையே விட்டு விலகும்.

முந்த முடிந்தால் பிளைண்ட் கிராஸையே நான் தேர்ந்தெடுப்பேன். இறுக்கமாகச் சுற்றித் திரும்ப வேண்டிய தடைகளில் ஃப்ரண்ட். கால்கள் ஒத்துழைக்காதவர்கள் ரியர் கிராஸை வெறுக்க வேண்டாம். இடது, வலது என்ற இரண்டு சொற்களை நாய்க்கு முன்கூட்டியே கற்பித்துவிட்டால் அதன் குறை பாதி தீர்ந்துவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சைகை வர வேண்டிய நேரம் ஒன்றே: முந்தைய தடையைத் தாண்டி நாய் தரையைத் தொடும் கணம். அது எகிறியபின் கூவுவது வீண்.

உங்கள் நொடிகள் எங்கே போகின்றன என்று அறிய கைப்பேசியே போதும். நொடிக்கு 30 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) பதிவாகும் வீடியோவில், நாய் ஒரு தடையில் தரைதொட்டதிலிருந்து அடுத்த தடைக்கு எகிறும் வரை எத்தனை சட்டங்கள் என்று எண்ணுங்கள். ஒரே திருப்பத்தை மூன்று வழிகளிலும் ஓடி, வழிக்கு ஐந்து முறை எண்ணிப் பாருங்கள். இரு வழிகளுக்கிடையே எட்டுச் சட்டங்கள் வேறுபட்டால் அது கால் நொடிக்கும் மேல். டாக் வாக்கையும் அவ்வாறே, பலகையின் நடுவிலிருந்து தரை வரை எண்ணுங்கள்.