பழைய பைக் இன்ஜினுக்கு எந்தப் பூச்சு? எனாமல், பவுடர் கோட்டிங், வெறும் அலுமினியம்

பழைய பைக்கைப் பிரித்துப் போட்டவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, "இன்ஜினுக்கு எந்த பெயிண்ட் நல்லது?" என்பதுதான். ஒரே டப்பாவில் இதற்குப் பதில் கிடைக்காது. காற்றால் குளிரும் இன்ஜினில் எக்ஸாஸ்ட் பக்கத்து ஹெட் (இன்ஜினின் மேல்மூடி) 200 டிகிரி செல்சியஸைத் தொடும். கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பிஸ்டன் ஓடும் வார்ப்பிரும்பு பேரலைச் சும்மா விட்டால் துருப்பிடிக்கும். அலுமினியத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வார்ப்பிரும்பு பேரலுக்கு என் ஓட்டு கறுப்பு இன்ஜின் எனாமலுக்குத்தான். இது பொதுவாக 260 டிகிரி வரை தாங்கும். மெல்லிசாக அடிக்கலாம், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். மெல்லிய மேட் கறுப்பு வெப்பத்தை வெளியே விடவும் கொஞ்சம் உதவும். "சைலன்சர் பெயிண்ட் 600 டிகிரி தாங்குமே, அதையே அடித்தால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த வகை பெயிண்ட் நல்ல சூடு ஏறினால்தான் முழுதாக இறுகும். கிராங்க்கேஸில் அந்தச் சூடு வரவே வராது. பெயிண்ட் மென்மையாகவே கிடக்கும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் விரலோடு வந்துவிடும்.

அடுத்தது பவுடர் கோட்டிங், அதாவது பவுடரை அடித்து அடுப்பில் உருக்கிப் பிடிக்க வைக்கும் பூச்சு. பார்க்க அழகு, பெட்ரோலுக்கும் கல்லடிக்கும் அசையாது. கிளட்ச் கவர், டைமிங் கவர் மாதிரி பாகங்களுக்குத் தாராளமாகப் போடலாம். ஃபின்களில் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) மட்டும் வேண்டாம் என்பேன். 60 முதல் 100 மைக்ரான் வரை தடிமன் ஏறும். சூடு வெளியேற வேண்டிய இடத்தில் அது போர்வை போர்த்தின மாதிரி. நட் உட்காரும் முகத்திலும் பவுடர் படக்கூடாது. இறுக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும். சூட்டில் பூச்சு நசுங்கியதும் நட் தளர்ந்துவிடும். பழைய வார்ப்பின் நுண்துளைகளுக்குள் பல வருட எண்ணெய் ஊறிக் கிடக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. 180, 200 டிகிரி அடுப்பில் வைத்ததும் அது கொப்பளித்து வெளியே வந்து, பளபளப்பில் ஊசிக்குத்து மாதிரி புள்ளிகளை விட்டுப்போகும். பவுடர் அடிப்பதற்கு முன்பே வெறும் பாகத்தை அதைவிடக் கூடுதல் சூட்டில் சுட்டு, கசிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டால் இது பெரும்பாலும் தீரும். பேரிங், புஷ், சீல் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது.

அலுமினிய கிராங்க்கேஸுக்குப் பூச்சே வேண்டாம் என்பது என் முடிவு. பரப்பைச் சுத்தம் செய்யும் வேப்பர் பிளாஸ்டிங்கில் பொடிக் கண்ணாடி மணிகள் தண்ணீரோடு சேர்ந்து அடிப்பதால் உலோகம் சொரசொரப்பாகாமல், புதிதாக வார்த்தது போன்ற மென்மையான மினுக்கம் வரும். உலர் பிளாஸ்டிங்கில் அடித்த பரப்பு மங்கலாக இருக்கும். கைரேகை பட்டாலே அழுக்குப் பிடிக்கும். எந்த முறையானாலும் ஆபத்து ஒன்றுதான்: எண்ணெய் ஓடும் துளைகளில் தங்கிவிடும் மணிகள். நான்கு முறை கழுவிய கேஸ்தானே என்று நம்பி, மெல்லிய பிரஷை ஒரு துளைக்குள் விட்டு வெள்ளைத் துணியில் தட்டினேன். சர்க்கரைத் தூள் மாதிரி மினுங்கியது. அது பேரிங்குக்குள் போயிருந்தால் இன்ஜினைத் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

பஃப் அடித்து மெருகேற்றி, மேலே கிளியர் லேக்கர் (நிறமில்லாத பூச்சு) பூசுவதும் உண்டு. பூசிய புதிதில் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு கீறல் வழியாக ஈரம் உள்ளே போனதும், லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் பரவும். அப்புறம் மொத்தத்தையும் உரித்தாக வேண்டும். பளபளப்புதான் வேண்டுமென்றால் லேக்கர் இல்லாமல் அவ்வப்போது கையால் தேய்த்துக்கொள்வதே மேல். வெல்டிங் செய்து நிறம் மாறிப்போன கேஸுக்கு மட்டும் எட்ச் பிரைமரின் (உலோகத்தில் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) மேல் சில்வர் எனாமல் சரி.

எனாமல் அடித்த பேரலை நன்றாகக் காய விட்டு, டப்பாவில் சொன்ன சூட்டில் அடுப்பில் வைத்து எடுங்கள். அடுப்பு இல்லையென்றால் இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் கூடுதல் நேரம் ஓட்டுங்கள். அதுவரை பெட்ரோல் துளி கூடப் படக்கூடாது.