கடலூர் திருப்பாப்புலியூரில் பெயரில்லாத ஃபேன் காயில் கடை: பழைய ஃபேன் இருந்தால் போய்ப் பாருங்கள்

காயில் என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதைக் கட்டித் தரும் இந்தக் கடைக்குப் பெயர் கிடையாது. லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்துக்குள் "மோட்டார், ஃபேன் காயில் கட்டித் தரப்படும்" என்று ஒரு தகரப் பலகை, அதிலும் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது.

எங்கள் வீடு தேவனாம்பட்டினம் பக்கம். கூடத்து ஃபேன் 1997-ல் வாங்கியது, 2011-ல் வந்த 'தானே' புயலையே பார்த்துவிட்டது. இரண்டு மாதமாக சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமும், சுற்றாது. சில நாள் தானாகக் கிளம்பிவிடும், சில நாள் அம்மா ஒட்டடைக் கம்பால் றெக்கையைத் தள்ளிவிட வேண்டும். வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "கண்டென்சர்தான்" என்று, ஃபேன் கிளம்ப உதவும் அந்தச் சின்ன டப்பாவைப் புதுசாக 2.5 மைக்ரோஃபாரட் அளவில் மாட்டி 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பதினைந்து நாள் ஓடியது, அப்புறம் பழையபடி உறுமல். மறுபடி கூப்பிட்டதற்கு "காயில் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று போனிலேயே தீர்ப்பு.

சரி, கடைசியாக ஒரு தடவை என்று கழற்றி எடுத்துக்கொண்டு இந்தக் கடைக்குப் போனேன். பெரியவர் கரண்டே கொடுக்கவில்லை. கொக்கியில் மாட்டிக் கையால் ஒரு சுண்டு சுண்டினார். இரண்டு சுற்றுகூட முழுசாக வரவில்லை. "பிரேக் போட்ட மாதிரி நிக்குது பாரு தம்பி, இதுக்கு எத்தனை கண்டென்சர் மாத்தினாலும் தள்ளித்தான் விடணும்" என்றார். அப்புறம் மீட்டரை எடுத்து மோட்டாரின் மூன்று ஒயரையும் இரண்டிரண்டாக வைத்து ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) எவ்வளவு என்று பார்த்தார். சின்ன அளவு இரண்டையும் கூட்டினால் பெரிய அளவு சரியாக வந்தது, அப்படி வந்தால் ஸ்டார்டிங், ரன்னிங் இரண்டு காயிலும் அறுபடாமல் இருக்கிறது என்று அர்த்தமாம். சட்டைப்பையில் போட்டு வைத்திருந்த பழைய கண்டென்சரையும் கொடுத்தேன்: 2.5 இருக்க வேண்டியது 1.6 காட்டியது. ஆக முதலில் வந்தவர் மாற்றியது தப்பில்லை, அதோடு நின்றதுதான் தப்பு.

பிரித்ததும் தெரிந்தது. பேரிங்குக்குள் கிரீஸ் காய்ந்து கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது, குண்டுகளில் துரு. கடல் காற்றுக்கு இது சகஜம், உங்கள் பக்கத்து ஃபேன் எல்லாமே இப்படித்தான் வரும் என்றார். இரண்டு பேரிங்கும் புதுசு, கூலியோடு 450 ரூபாய். ஃபேனைத் தொங்கவிடும் ராடின் போல்ட்டும், அது கழன்றுவிடாமல் பிடிக்கும் ஸ்ப்லிட் பின்னும் துருவேறி மெலிந்திருந்ததைக் காட்டி, நான் கேட்காமலே மாற்றிப் போட்டார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே அவருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். அது அறுந்தால் ஃபேன் தலையில்தானே விழும்!

ஆனால் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். சாயங்காலம் வா என்றார், கிடைத்தது நாலாம் நாள். போன் எடுக்க மாட்டார். பில் கிடையாது. வீட்டுக்கு வந்து கழற்றவும் மாட்டார், நாமேதான் இறக்கிக் கொண்டுபோக வேண்டும். றெக்கையை வீட்டிலேயே வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் கொண்டு போங்கள்.

அப்புறம் ஒட்டடைக் கம்பு விஷயத்தைச் சொன்னபோது கோபப்பட்டார். சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்றால் காயில் சூடேறி நிஜமாகவே எரிந்துவிடும், உடனே சுவிட்சை அணைத்துவிடு என்றார். ரெகுலேட்டரை ஒன்றில் வைத்துக் கிளப்பவும் கூடாதாம், அந்த வோல்டேஜில் இழுவை இருக்காது, ஐந்தில் கிளப்பிவிட்டு அப்புறம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டி மூன்று வாரம் ஆகிறது, சுவிட்சைத் தட்டினால் உடனே கிளம்புகிறது. அம்மா மட்டும் கம்பை இன்னும் கூடத்து மூலையிலேயே சாத்தி வைத்திருக்கிறார்.