பீமன் கதாயுதத்தை ஓங்கும் இடத்தில் உறைந்துபோன டிவிடி: 2008 முதல் என் அனுபவம்

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைப் படமெடுத்து டிவிடியில் ஏற்றிக் கொடுக்கும் வேலையை 2008 முதல் செய்து வருகிறேன். கிருஷ்ணகிரியில் என் வீட்டுக் கணினிதான் பட்டறை. கைபேசியில் அனுப்பினால் போதாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரியப்பாவுக்கும் அவர் வயதுக்காரர்களுக்கும் பிளேயரில் தட்டைப் போட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் மனம் நிறையும்.

முதல் இரண்டு ஆண்டுகள் வந்த புகார் ஒன்றே. "எல்லாம் நன்றாக ஓடுகிறதப்பா, படுகளத்தில் மட்டும் நின்றுவிடுகிறது" என்றார் பெரியப்பா. படுகளம் என்பது துரியோதனன் வீழும் கடைசிக் காட்சி. போய்ப் பார்த்தேன். மண்ணில் செய்த துரியோதனன் நீண்டு படுத்திருக்கிறான். பீமன் வேடக்காரர் கதையைத் தலைக்கு மேலே ஓங்குகிறார், படம் கட்டம் கட்டமாகச் சிதறி அப்படியே உறைகிறது. மலிவான தட்டு என்று நினைத்து வேறு டப்பா வாங்கினேன். அதிலும் அதே இடம்.

காரணம் புரிந்தபோது ஒரே நேரத்தில் வெட்கமும் நிம்மதியும் வந்தன. டிவிடியில் பதிவு உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிப் போகிறது. படத்தின் கடைசிக் காட்சி தட்டின் ஓரத்தில்தான் விழும். ரைட்டரில், அதாவது டிவிடி எழுதும் கருவியில், அடிப்படை வேகத்தைப்போல 16 மடங்கு என்று அச்சிட்டிருக்கும் வேகம் தொடக்கத்தில் கிடைப்பதில்லை. உள்ளே ஏறக்குறைய 6 மடங்கில் தொடங்கி, ஓரத்துக்கு வரும்போதுதான் 16-ஐத் தொடுகிறது. தட்டு துளி வளைந்திருந்தாலும், ஒரு பக்கம் கனத்திருந்தாலும், லேசர் தடுமாறுவது அங்கேதான். நானோ அழகுக்காக அம்மன் படம் போட்ட காகித ஸ்டிக்கரை ஒவ்வொரு தட்டிலும் ஒட்டியிருந்தேன். ஸ்டிக்கரை விட்டேன், வேகத்தை 8 மடங்காகக் குறைத்தேன். ஆறு நிமிட வேலைக்கு ஒன்பது நிமிடம் ஆனது. ஓரத்தைக் கொஞ்சம் காலியாக விடுவதற்காகப் படத்தை 4.2 ஜிபிக்குள் அடக்கினேன். படுகளம் ஓடியது.

கொள்ளளவைப் பற்றியும் ஒரு சொல். உறையில் 4.7 ஜிபி என்று இருக்கும், கணினி 4.38 என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரங்களில் எண்ணுகிறது, கணினி 1024-களில் எண்ணுகிறது, அவ்வளவுதான். 4.5 ஜிபி கோப்பை ஏற்றப் பார்த்து 'இடம் போதாது' என்ற செய்தியோடு ஒரு மாலை முழுதும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஒருமுறை ஒரு தட்டு எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது, மவுஸ்கூட நகரவில்லை. ரைட்டரைப் படிப்பதில் ஆறு பிழை வந்துவிட்டால் விண்டோஸ் தானாகவே, தரவு நேராக நினைவகத்துக்குப் போகும் டிஎம்ஏ முறையைக் கைவிட்டு, எல்லாவற்றையும் செயலியே சுமக்கும் மந்தமான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். டிவைஸ் மேனேஜரில், ரைட்டர் இணைந்திருக்கும் ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு, கணினியை மறுபடி இயக்கினேன், சரியாகிவிட்டது.

மடிக்கணினிக்கு மாறியபின் யுஎஸ்பியில் செருகும் மெல்லிய ரைட்டர் வாங்கினேன். தொல்லை இப்போது முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வந்தது: 'பவர் கேலிபரேஷன் எரர்'. எழுதத் தொடங்கும் முன் லேசர் தட்டின் உள்விளிம்பில் தன் வலிமையைச் சோதித்துப் பார்க்கும். அந்தச் சோதனையில் தோற்றால் வருவதுதான் இந்தச் செய்தி. யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்; எழுதும்போது ரைட்டர் அதற்கு மேல் கேட்கும். கூடவே வந்த இரட்டைத் தலை வயரின் இரண்டாவது தலையையும் செருகிய அன்று பாதிப் பிழைகள் போயின.

மீதிப் பாதிக்குக் காரணம் எங்கள் ஊர்க் காற்று. தெருமுனையில் கிரானைட் அறுக்கும் பட்டறை. கதவைச் சாத்தினாலும் மாவு போல வெண்தூசி வந்து படியும். மெல்லிய ரைட்டரில் லென்ஸ், வெளியே இழுக்கும் ட்ரேயிலேயே அமர்ந்திருக்கிறது. இழுத்துத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பருப்பளவு கண்ணாடி, நீலம் மின்ன வேண்டிய இடத்தில் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பஞ்சுக்குச்சியில் தொட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுத்தேன். வாயால் ஊதக் கூடாது. எச்சில் ஈரம் படிந்தால் இன்னும் மோசம். மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன். வேலை இல்லாதபோது ரைட்டர் துணிப்பைக்குள் இருக்கும்.

தட்டு எழுதும் மென்பொருளில் இம்ஜ்பர்ன் எனக்குப் போதுமானது. 2013-க்குப் பிறகு புதுப்பதிப்பு வராவிட்டாலும் என் கணினியில் இன்றும் வேலை செய்கிறது, பிழை வந்தால் எந்த இடத்தில் வந்தது என்றும் சொல்கிறது. எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் 'வெரிஃபை' பெட்டியின் டிக்கை நான் ஒருபோதும் எடுப்பதில்லை. எழுதி முடிந்தது என்ற செய்தி, தட்டு படிக்க வரும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. 'ஃபைனலைஸ்' செய்து பதிவை மூடி முடிக்காவிட்டால் கணினியில் ஓடும் தட்டு வீட்டு பிளேயரில் திறக்காமல் போகலாம். 2012-இன் மின்வெட்டு நாட்களில் ஒருமுறை மட்டுமே எழுத முடிகிற டிவிடி-ஆர் தட்டுகள் பாதி எழுதிய நிலையில் எத்தனையோ குப்பைக்குப் போயின. அதன்பின் யுபிஎஸ் இல்லாமல் தொடங்குவதில்லை.

சென்ற திருவிழாவுக்கு நாற்பது தட்டு எழுதினேன். வெரிஃபையில் தோற்றது ஒன்று. ஆனாலும் வெரிஃபையை மட்டும் நம்பி உறையில் போட எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொன்றையும் பழைய பிளேயரில் போட்டு நேராகப் படுகளத்துக்கு ஓட்டுகிறேன். கதை தொடையில் இறங்கிய பிறகுதான் தட்டை வெளியே எடுக்கிறேன்.