இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கட்டும் முன், கழுத்தில் மாட்டும் டேக் யார் பெயரில் என்று கேளுங்கள்

நேற்று ராத்திரி ஜூனியர் ஒருத்தன் வாட்ஸப்பில் ஒரு ஃபார்வர்டை அனுப்பி, "அண்ணா, இதுக்குப் பணம் கட்டலாமா? ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாளாம்" என்று கேட்டான். திறந்து பார்த்தால் போன வருஷம் எனக்கு வந்த அதே போஸ்டர். அதே கார் உதிரிபாகக் கம்பெனியின் கேட் போட்டோ, அதே "45 நாள் இன்டர்ன்ஷிப், மாதம் 10,000 ஸ்டைபெண்ட், சாப்பாடு, ரூம், பஸ்". பிராசஸிங் ஃபீஸ் மட்டும் 3,500லிருந்து 4,500 ஆகியிருக்கிறது. அவனுக்கு டைப் பண்ண ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. நோட்டீஸ் வந்தால் வக்கீல் வைக்க எங்கள் வீட்டில் வசதியில்லை. சென்னையை அடுத்த ஒரகடம் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை, அது போதும்.

நான் மெக்கானிக்கல். ஆறாவது செமஸ்டர் முடிந்த லீவு. இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட்டும் ரிப்போர்ட்டும் கொடுத்தால்தான் எங்கள் காலேஜில் அடுத்த செமஸ்டரில் கிரெடிட் விழும். எங்கள் ஊர் கோவில்பட்டி பக்கம். தீப்பெட்டி ஆபீஸும் மில்லும் பார்த்து வளர்ந்தவனுக்கு, கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் போகிற இடம் என்றதும் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கன்சல்டன்சியிலிருந்து ஒரு அக்கா பேசினார். "தம்பி, உங்க ரெஸ்யூம் ஷார்ட்லிஸ்ட் ஆயிடுச்சு. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் இருக்குல்ல, அது மாதிரிதான். சர்டிபிகேட்டுக்கு நல்ல மதிப்பு." இந்த "அது மாதிரிதான்"-இல்தான் விழுந்தேன். அந்தத் திட்டத்தைப் பிறகுதான் படித்துப் பார்த்தேன். 2024 அக்டோபரில் ஆரம்பித்தது. ஆரம்பித்தபோது 12 மாதம், மாதம் 5,000. அதில் 4,500 அரசு, 500 கம்பெனி. ரெகுலராகக் காலேஜில் படித்துக்கொண்டிருப்பவர்களை அப்போது அதில் எடுக்கவே இல்லை, விண்ணப்பிக்க ஒரு பைசாவும் வாங்கவில்லை. எங்களிடம் இரண்டுமே தலைகீழ். சித்தி சீட்டுக்கு எடுத்துவைத்திருந்த பணத்தில் 3,500 வாங்கி ஜிபே பண்ணினேன். ஸ்கிரீனில் வந்தது கம்பெனி பெயரோ கன்சல்டன்சி பெயரோ இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். பார்த்தேன். பார்த்துவிட்டும் அனுப்பினேன்.

ரூம் மாத்தூரில் ஒரு வீட்டு மாடி. பதினோரு பேர், ஒரு பாத்ரூம். மூன்று ஷிஃப்டிலும் ஆள் இருந்ததால் பாய் சூடு ஆறவே ஆறாது. ஒருத்தன் எழுந்தால் அதிலேயே அடுத்தவன் படுப்பான்.

முதல் நாள் அரை நாள் சேஃப்டி கிளாஸ். ஷூ, யூனிஃபார்ம், இங்கிலீஷில் நாலைந்து பேப்பரில் கையெழுத்து. பிறகு டேக் கொடுத்தார்கள். கம்பெனியின் சொந்த டிரெய்னிகளுக்குப் பச்சை. எங்களுக்கு ஆரஞ்சு, அடியில் பொடி எழுத்தில் வேறொரு பெயர். லைனில் என் பக்கத்தில் நின்ற பெர்மனென்ட் அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ எந்தக் கான்ட்ராக்ட்டு?" என்றார். "இல்லண்ணா, நான் இன்டர்ன்." அவர் சிரித்தார். கிண்டலாகக்கூட இல்லை, பாவம் என்கிற மாதிரி.

வேலை என்ன என்று சொல்கிறேன். பிரேக் காலிப்பர், அதாவது காரின் டிஸ்க் பிரேக்கில் பிடிக்கிற பாகம், கன்வேயரில் வரும். அதிலுள்ள ஓட்டையின் அளவு சரியா என்று பார்க்கும் பிளக் கேஜ் ஒன்று கையில். ஒரு முனை ஓட்டைக்குள் போகணும், மறு முனை போகக்கூடாது. சரியாக இருந்தால் பெயிண்ட் மார்க்கரால் ஒரு மஞ்சள் புள்ளி, இல்லையென்றால் சிவப்புத் தொட்டியில் போடணும். அவ்வளவுதான். ஒரு பீஸுக்கு 40 விநாடி, மணிக்கு 90. ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறுக்கு மேல் புள்ளி வைப்பேன். ரிலீவர் வந்தால்தான் பாத்ரூம் போக முடியும். ஐந்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டில் பருப்பைப் பார்த்தால்கூட மார்க்கரைத் தேடியது கை.

கற்றுக்கொள்ள எதுவுமே இல்லையா என்றால், முதல் இரண்டு நாள் இருந்தது. அந்த ஓட்டையை எந்த மெஷினில் போடுகிறார்கள், டூல் தேய்ந்தால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கணும்போல் இருந்தது. மெஷின் ஷாப் முப்பது அடி தூரம். ஆரஞ்சு டேக்குக்கு அங்கே அனுமதி கிடையாது. சூப்பர்வைசரிடம், "சார், ப்ராஜெக்ட்டுக்கு யார் கைடு?" என்று கேட்டேன். "ப்ராஜெக்டா? முதல்ல அவர்லி டார்கெட்டை எடு தம்பி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆபரேட்டர் வருகிறான் என்றுதான் அவருக்குச் சொல்லி எங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த ஷிஃப்ட் ஆள் வராத மூன்று நாள் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். "காம்ப் ஆஃப் போட்டுக்கலாம்" என்றார்கள், அதாவது பதிலுக்கு லீவு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கிற விஷயம். கேட்டால், "நீங்கதான் இன்டர்ன் ஆச்சே." வேலை வாங்கும்போது ஆபரேட்டர், காசு கேட்கும்போது இன்டர்ன்.

மாதக் கடைசியில் 10,000 வரவில்லை. இலவசம் என்ற ரூமுக்கு 2,500, ஷூவுக்கும் யூனிஃபார்முக்கும் 1,400, கேன்டீனுக்கு 780. காய்ச்சலில் படுத்த ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம், 770. கையில் 4,550. கட்டிய ஃபீஸைக் கழித்தால் ஒரு மாத உழைப்புக்கு 1,050 ரூபாய். வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை, "எல்லாம் சேர்த்து கடைசியில தருவாங்கம்மா" என்று சொல்லிவைத்தேன். மிச்சம் 15 நாளுக்கான 5,000 இன்றுவரை வரவில்லை. அந்த அக்காவின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

பணத்தைவிட சர்டிபிகேட்தான் கழுத்தைப் பிடித்தது. கடைசி நாள் கேட்டில் செக்யூரிட்டியிடம் கெஞ்சி எச்.ஆர். ஆபீஸ் வரை போனேன். அங்கே இருந்த மேடம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேரே எங்க இன்டர்ன் லிஸ்ட்ல இல்லையேப்பா. நீங்க கான்ட்ராக்டர் ஆள்" என்றார். பொய் சொல்லவில்லை. பெட்டியிலிருந்த ஆஃபர் லெட்டரை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். லெட்டர்ஹெட் கன்சல்டன்சியுடையது. பெரிய கம்பெனியின் பெயர் "பணியிடம்" என்கிற ஒரே வரியில். அடியில் இருந்த ஜிஎஸ்டி நம்பரை ஜிஎஸ்டி தளத்தில் போட்டேன். லாகின் வேண்டாம், காசு வேண்டாம். செய்யும் தொழில்: ஆள் சப்ளை. இரண்டு நிமிஷ வேலை. பணம் கட்டும் முன் செய்திருக்கலாம்.

அலைந்து வாங்கிய சர்டிபிகேட்டில் "டிரெய்னி ஆபரேட்டராகப் பணிபுரிந்தார்" என்று இருந்தது. டிபார்ட்மென்டில் ஏற்கவில்லை. கோவில்பட்டியிலேயே ஒரு மில்லின் மெயின்டனன்ஸில், மாமாவுக்குத் தெரிந்தவர் மூலம், செமஸ்டர் லீவு நாட்களையும் சனி ஞாயிறையும் சேர்த்து இன்னொரு முறை போனேன். ஸ்டைபெண்ட் கிடையாது, ஃபீஸும் கிடையாது. அங்கே ஃபிட்டர் அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, "கேளுய்யா, கரகரங்குதா? இன்னும் ஒரு வாரம் தாங்காது" என்பார். சொன்ன மாதிரியே ஆனது. ரிப்போர்ட்டில் எழுத எனக்கு இருந்ததெல்லாம் அங்கே பார்த்ததுதான்.

ஜூனியருக்கு எழுதியதில் மீதி இது. லெட்டர் யாருடைய லெட்டர்ஹெட்டில் வருகிறது என்று பார். கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் உள்ள நம்பருக்கு நீயே போன் பண்ணி, உன் பெயர் இன்டர்ன் லிஸ்டில் இருக்கிறதா என்று கேள். போஸ்டரில் உள்ள நம்பருக்குப் பேசாதே. கைடு யார், எந்த டிபார்ட்மென்ட் என்று மெயிலில் எழுதித் தரச் சொல். அப்ரென்டிஸ் என்று பேச்சு மாறினால், அது 1961 அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டு அரசுப் போர்ட்டலில் பதிய வேண்டிய விஷயம், பதிவு எண்ணைக் கேள். ஏற்கெனவே பணம் போட்டுவிட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் பண்ணு. நான் இரண்டு மாதம் கழித்துப் பண்ணினேன். புகாரைப் பதிந்துகொண்டு, "இவ்வளவு லேட்டாவா வருவீங்க?" என்றார்கள். ஓவர்டைம் விஷயத்தை எழுதி, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை வந்திருக்கிறது.

அந்த ஷூ மட்டும் நல்ல ஷூ. காசு பிடித்துக்கொண்டு கொடுத்ததால் திருப்பித் தரவில்லை. மில்லுக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.