கப்பல் அறைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸா, யூஎஸ்பி சார்ஜரா?

குமுளியில் இருக்கும் அக்கா, கொச்சியில் கப்பல் ஏறப் பெட்டி கட்டும்போது வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் உள்ளே வைத்தார். சர்ஜ் பாதுகாப்பு (திடீரென வோல்ட் எகிறினால் தடுப்பது) உள்ளது, சிவப்பு விளக்கு எரியும். வெளியே எடுக்கச் சொன்னேன். வீட்டுக்கு அது நல்லதுதான். அங்கே மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி எர்த்தோடு இணைந்திருக்கும். பல கப்பல்களில் அப்படி இல்லை, இரண்டு கம்பியிலும் மின்சாரம் இருக்கும். ஒரு கம்பி பழுதாகிக் கப்பலின் இரும்பு உடம்பைத் தொட்டால், பாக்ஸுக்குள் இருக்கும் சர்ஜ் பாகம் சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-லேயே இதை எச்சரித்தது.

என் ஓட்டு யூஎஸ்பி சார்ஜருக்கே. நாலு போர்ட் உள்ளது ஒன்று போதும். அடியில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

சரி, சர்ஜ் இல்லாத வெறும் பாக்ஸ்? அதையும் சில கப்பல்களில் ஊழியர்கள் நம்மிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.